பூஜ்யம் ஒன்று கூடினால்

நெதர்லாந்தில் பில்ட்ஹோவன் என்றொரு சிற்றூர். அங்கே குடியிருந்த கேஸ் பூக்கெ 1926-இல் தன் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டார். பள்ளிக் கட்டணம் வரியோடு வரியாக வசூலாகத் தொடங்கியிருந்தது. படைக்கும் போருக்கும் செலவழிக்கும் அரசுக்கு வரி கட்டுவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். முதல் உலகப் போரின்போது போரை எதிர்த்துப் பேசியதற்காக இங்கிலாந்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். மனைவி பெட்டி, காட்பரி சாக்லேட் குடும்பத்துப் பெண். பிறந்த வீட்டு வழியில் வந்த பங்குகளை வேண்டாமென்று விட்டவர். வரி பாக்கிக்காக இவர்கள் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் தொடங்கியது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்து சேர, அது பள்ளிக்கூடமாக வளர்ந்தது.

இன்று உலகெங்கும் பிள்ளைகள் செல்பேசியில் பார்க்கும் ஒரு வகைக் காணொளியின் பிறப்பிடம் இந்தப் பள்ளிதான். பூமியில் ஏதோ ஓர் இடத்தில் தொடங்கி, ஊர், நாடு, கோள், கதிரவன், பால்வீதி என்று விலகிக்கொண்டே போய், பிறகு திரும்பி வந்து தோலுக்குள், செல்லுக்குள், அணுவுக்குள் இறங்கும் காணொளி. எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக அதை எடுத்துவிட்டார்கள். முதலில் அது வகுப்பறைப் பயிற்சியாகத்தான் இருந்தது.

பூக்கெயின் பள்ளிக்குப் பட்டறை என்று பெயர். மாணவர்களை உழைப்பாளிகள் என்றும் ஆசிரியர்களை உடனுழைப்பாளிகள் என்றும் அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் யூதப் பிள்ளைகளுக்கு அடைக்கலம் தந்ததற்காக இஸ்ரேலின் யாட் வாஷெம் நிறுவனம் இந்தத் தம்பதியைப் பின்னாளில் கௌரவித்தது. போருக்குப் பிறகு நெதர்லாந்து இளவரசிகளும் அங்கே படித்தார்கள்.

அந்த வகுப்பில் பூக்கெயைத் தொந்தரவு செய்த குறை எளிமையானது, நம் பாடநூல்களிலும் இருப்பது. புத்தகத்தின் ஒரு பக்கத்தில் எறும்பின் படம், எதிர்ப்பக்கத்தில் யானையின் படம், இரண்டும் ஒரே அளவு. கதிரவனும் எட்டுக் கோள்களும் ஒரு தாளுக்குள் தோளோடு தோள் உரசி நிற்கும். பூமியை ஓர் எலுமிச்சம்பழம் என்று கொண்டால் நிலா ஒரு சுண்டைக்காய். இரண்டுக்கும் நடுவே நாலு அடி இடைவெளி விட வேண்டும். எந்தப் பாடநூலின் தாளும் அதற்குப் போதாது. ஆகவே அருகருகே வைத்து வரைகிறார்கள். பிள்ளை அதையே உண்மை என்று மனத்தில் வாங்கிக்கொள்கிறது. எண்ணைச் சொல்லிக்கொடுத்தாலும் பயனில்லை. பத்து லட்சத்துக்கும் பத்துக் கோடிக்கும் உள்ள வித்தியாசம் காதுக்குக் கேட்காது.

பிள்ளைகளோடு சேர்ந்து பூக்கெ கண்டுபிடித்த வழி இது. ஒரு படம் வரை. அடுத்த படத்தில் அதே இடத்தைப் பத்து மடங்கு அகலமாகக் காட்டு. முந்தைய படம் புதிய படத்தின் நடுவில் ஒரு சின்னச் சதுரமாகச் சுருங்கிவிடும். பிறகு மறுபடி பத்து மடங்கு. வேறு விதியே கிடையாது.

இது 1957-இல் நியூயார்க்கில் ‘காஸ்மிக் வியூ’ என்ற சிறு நூலாக வந்தது. நாற்பது தாவல்களில் பிரபஞ்சம் என்று அதற்குத் துணைத்தலைப்பு. முதல் படத்தில் பள்ளி முற்றத்தில் சாய்வு நாற்காலியில் ஒரு சிறுமி, மடியில் பூனை. அடுத்துச் சற்று விலகினால் அதே முற்றத்தில் ஒரு திமிங்கிலம் படுத்திருக்கிறது! அளவு புரிவதற்காக ஆசிரியர் கொண்டுவந்து போட்ட திமிங்கிலம். வகுப்பெடுத்துப் பழகிய ஒருவருக்குத்தான் இது தோன்றும். கடலில் வரைந்தால் திமிங்கிலத்தின் அளவு தெரியாது. தான் தினமும் ஓடியாடும் முற்றத்தில் படுக்கவைத்தால்தான் பிள்ளைக்கு உறைக்கும். உள்நோக்கிய பயணத்தில் சிறுமியின் கையில் ஒரு கொசு உட்கார்ந்திருக்கும், ஓர் உப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும். அந்த உப்புக்குள் இறங்கி சோடியம் அணுவின் கருவரைக்கும் போகிறோம்.

அந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டன். இரண்டாம் உலகப் போரில் சிகாகோவின் அணு ஆய்வுத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர். போருக்கு ஒரு காசும் தராத ஆசிரியரின் புத்தகத்தை அணுகுண்டுத் திட்டத்தின் மூத்தவர் ஒருவர் வாசகருக்கு அறிமுகம் செய்கிறார். பூக்கெக்கு இதில் முரண் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். இவ்வளவு பெரிய பிரபஞ்சத்தில் தன் அளவை அறிந்த மனிதன் தன் கையில் சிக்கிய ஆற்றலைப் பணிவோடும் கவனத்தோடும் கையாள வேண்டும் என்பதே அவர் நூலின் உட்கிடை. அணுகுண்டு பிறந்து பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது.

பூக்கெ 1966-இல் காலமானார். இரண்டே ஆண்டுகளில் அவர் புத்தகம் அசையத் தொடங்கியது, அதுவும் ஒரே ஆண்டில் இரண்டு இடங்களில்.

முதலாவது, கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக ஈவா ஸாஸ் இயக்கிய ‘காஸ்மிக் ஜூம்’. ஒட்டாவா ஆற்றில் ஒரு சிறுவன் படகு ஓட்டுகிறான், கூடவே நாய். படம் உறைந்து ஓவியமாகி, வானத்துக்குப் போய்த் திரும்பி, அவன் கையில் அமர்ந்த கொசுவுக்குள் நுழைகிறது. எட்டு நிமிடமும் ஒரு சொல் கிடையாது. மொழி தெரியாத ஊரிலும் போட்டுக் காட்டலாம்.

இரண்டாவது கலிஃபோர்னியாவில் உருவானது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியின் பெயரைச் சொன்னால் நாற்காலிதான் பலருக்கு நினைவுக்கு வரும். வளைத்த பலகையிலும் தோலிலும் அவர்கள் செய்த சாய்விருக்கை அவ்வளவு புகழ்பெற்றது. இந்தியாவுக்கும் அவர்களோடு ஒரு தொடர்பு உண்டு. இந்திய அரசின் அழைப்பில் இங்கே வந்து சுற்றிப் பார்த்து 1958-இல் அவர்கள் கொடுத்த அறிக்கையின் விளைவாகவே அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-இல் தொடங்கப்பட்டது. அந்த அறிக்கையில் அவர்கள் நெடுநேரம் நின்று பார்க்கும் பொருள் நம் சொம்பு. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், இடுப்பிலா தலையிலா, கைக்கு எப்படி அடங்கும், சாய்த்தால் எப்படி ஊற்றும், காலியாக இருக்கும்போது எடை எங்கே நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகிறார்கள். 1969-இல் பல நாட்டுப் பம்பரங்களை வைத்து ‘டாப்ஸ்’ என்று ஏழு நிமிடப் படமொன்று எடுத்தார்கள். அதில் நம் நாட்டுப் பம்பரமும் சுழல்கிறது. ஒரு பொருளை இவ்வளவு பொறுமையாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் கையில் பூக்கெயின் புத்தகம் கிடைத்தது நல்ல நேரம்தான்.

1968-இல் அவர்கள் எடுத்ததற்கு முன்வரைவு என்றே பெயர் வைத்தார்கள். அமெரிக்கக் கல்லூரி இயற்பியல் ஆணையத்துக்காக எடுத்த எட்டு நிமிடப் படம். திரையின் ஓரத்தில் கார் டேஷ்போர்டு போல ஒரு பலகை: எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், பூமியில் எவ்வளவு நேரம் கழிந்தது, பயணிக்கு எவ்வளவு, ஒளியின் வேகத்தில் எத்தனை விழுக்காடு. 1970-இல் பால் ஷ்ரேடர் ஈம்ஸ் படங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் ‘டாக்சி டிரைவர்’ படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் அவர். பத்து வயதுப் பிள்ளைக்கும் இயற்பியலாளருக்கும் ஒருசேரப் பிடிக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம் என்று அதில் பதிந்திருக்கிறார். மூளைக்குப் புரிந்தால் மட்டும் போதாது, வயிற்றுக்குள் உணர வேண்டும்.

ஒன்பது ஆண்டு கழித்து, 1977-இல், ஐபிஎம் நிறுவனத்தின் ஆதரவில் அதையே முழுமையாக எடுத்தார்கள். ‘பவர்ஸ் ஆஃப் டென்’. அதன் நீண்ட துணைத்தலைப்பில் இன்னொரு பூஜ்யம் சேர்ப்பதால் விளையும் மாற்றம் என்ற பொருளும் உண்டு. சிகாகோவில் ஏரிக்கரைப் பூங்கா, அக்டோபர் மாதத்துப் பகல். புல்லில் விரிப்பு, ரொட்டி, பழம், புத்தகங்கள். சாப்பிட்டு முடித்த களைப்பில் ஒருவர் படுத்துத் தூங்கிவிடுகிறார். பக்கத்தில் இருக்கும் பெண் புத்தகம் ஒன்றை எடுக்கிறார். காலத்தைப் பற்றி ஜே. டி. ஃப்ரேசர் தொகுத்த நூல் அது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒரு மீட்டர் அகலத்தைப் பார்க்கிறோம். பிறகு பத்து வினாடிக்கு ஒரு பூஜ்யம் என்ற கணக்கில் கேமரா மேலே போகிறது.

பத்து வினாடியில் விரிப்பு, இருபதில் பூங்கா, முப்பதில் ஒரு கிலோமீட்டர் அகல நகரம், நாற்பதில் ஏரிக்கரை நெடுக. எழுபதாவது வினாடியில் பூமி முழுதும் தெரிகிறது. நிலாவின் சுற்றுப்பாதை முழுதாகச் சட்டத்துக்குள் அடங்குவது தொண்ணூறாவது வினாடியை ஒட்டி. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய அந்த இடத்தில்தான் கேமரா ஒளியின் வேகத்தைத் தாண்டுகிறது. அதற்கப்புறம் நடப்பதெல்லாம் எந்த விண்கலத்தாலும் முடியாத பயணம். முன்வரைவிலிருந்த பலகை இருந்திருந்தால் பிள்ளைகள் அதைக் கேட்டிருப்பார்கள். 1977 படத்தில் தூரத்தைக் காட்டும் எண்ணை மட்டும் ஓரத்தில் விட்டுவைத்துப் பலகையை எடுத்துவிட்டார்கள். படம் அழகாயிற்று, கண் சிதறாமல் நடுவில் நிற்கிறது. ஆனாலும் அந்தப் பலகை போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஒளிக்கே ஒரு வேகக் கட்டுப்பாடு இருக்கிறது என்று கேட்கத் தூண்டும் ஒரு மூலை அதோடு போய்விட்டது.

இதைச் செய்த விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கணினியில் காட்சி வரைவது பரவலாகாத காலம். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நிலைப்படம்: சில விமானத்திலிருந்து எடுத்தவை, சில விண்ணிலிருந்து, மற்றவை அறிவியலர்களைக் கேட்டு வரைந்தவை. ஒவ்வொரு படத்திலிருந்தும் கேமராவைப் பின்னால் இழுத்து, அது சுருங்கும் நேரத்தில் அடுத்த படத்தோடு ஒட்டு தெரியாமல் இணைக்க வேண்டும். கேமராவை ஒரே சீராக இழுத்தால் பயணம் போகப்போக மந்தமாகிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு வேகம் மாறாமல் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு பிரேமும் முந்தைய பிரேமை விட ஒரே விகிதத்தில் விரிய வேண்டும். வினாடிக்கு 24 பிரேம், பத்து வினாடிக்கு 240. பிரேமுக்கு நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான விரிவு. 240 முறை கூடியபின் சரியாகப் பத்து மடங்கு. இந்த நுணுக்கத்தில் உழைத்த ஒளிப்பதிவாளர் அலெக்ஸ் ஃபங்க்கே பிற்காலத்தில் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களின் காட்சி ஜாலத்துக்காக ஆஸ்கர் வாங்கினார்.

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த பகுதி, ஒன்றும் நடக்காத பகுதி. கோள்களின் பாதைகள் சுருங்கிக் கதிரவன் ஒரு புள்ளியான பிறகு, மற்ற விண்மீன்கள் பக்கத்தில் வந்து சேரும் வரைக்கும், அரை நிமிடத்துக்கு மேல் கிட்டத்தட்ட வெறும் கறுப்பு. அடுத்த விண்மீன் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தை எண்ணால் சொல்லாமல் காத்திருக்கவைத்துச் சொல்கிறார்கள். திரும்பி வந்து, தூங்குபவர் கையின் தோலைத் துளைத்து, வெள்ளணுவையும் டி.என்.ஏ. இழையையும் கடந்து கார்பன் அணுவுக்குள் போகும்போது அதே வெறுமை மறுபடி வருகிறது. எலக்ட்ரான் மேகத்தைத் தாண்டி அணுக்கரு கண்ணில் படும் வரைக்கும் ஒன்றுமில்லை. வெளியே உள்ள வெறுமைக்கும் உள்ளே உள்ள வெறுமைக்கும் ஒரே கால அளவையில் இடம் கொடுத்திருப்பதால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று பேசுகின்றன. இன்று பிள்ளைகளுக்காகக் காணொளி செய்கிறவர்களில் பலர் மூன்று வினாடி அசைவில்லாமல் போனால் பதறிவிடுகிறார்கள். ஒரு வெடிச்சத்தம், ஒரு எழுத்துக்குவியல், ஒரு கூச்சல். பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று காரணம் சொல்கிறார்கள். பிள்ளைகளிடம் ஒரு நேர்மையான விதியைக் கொடுத்து, அதை மீறாமல் கடைசிவரை காப்பாற்றினால் அவர்கள் காத்திருக்கிறார்கள். அடுத்த பூஜ்யத்தில் என்ன வரும் என்று தாங்களே ஊகிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆர்வம் என்பது அந்த ஊகம்தான்.

பின்னணிக் குரல் ஃபிலிப் மாரிசனுடையது. எம்ஐடி பல்கலைக்கழக இயற்பியலாளர். 1945 ஜூலையில் முதல் அணுகுண்டுச் சோதனைக்கான புளுட்டோனிய உருண்டையைக் காரின் பின்னிருக்கையில் வைத்து எடுத்துச் சென்றவர். குண்டு பூட்டும் வேலைக்காகத் தினியான் தீவுக்குப் போனவர். போர் முடிந்ததும் ஹிரோஷிமாவுக்குச் சென்று சேதத்தை நேரில் பார்த்தவர். அதன் பிறகு வாழ்நாள் முழுதும் அணு ஆயுதங்களுக்கு எதிராகப் பேசினார். படம் காட்டும் ஏரிக்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கின் படிக்கட்டுகளுக்கு அடியில்தான் 1942 டிசம்பரில் முதல் தொடர் அணுப்பிளவு நடந்தது. இந்த விவரம் எதையும் படம் சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவருக்கு, தூங்கும் மனிதன் கையின் வழியாக அணுக்கருவுக்குள் போகும் அந்த நிதானமான குரல் வேறு விதமாகக் கேட்கும். பூக்கெ தன் வகுப்பில் விதைக்க விரும்பியதும், மாரிசன் ஹிரோஷிமாவில் பார்த்துவிட்டு வந்ததும் இந்த ஒன்பது நிமிடத்தில் சந்தித்துக்கொள்கின்றன.

படம் வெளிவந்த அடுத்த ஆண்டு, 1978 ஆகஸ்ட் 21 அன்று சார்லஸ் ஈம்ஸ் காலமானார். சரியாகப் பத்து ஆண்டு கழித்து அதே தேதியில் ரே ஈம்ஸ். இடையில் 1982-இல் மாரிசனும் அவர் மனைவி ஃபிலிஸும் ஈம்ஸ் அலுவலகத்தோடு சேர்ந்து படத்தைப் புத்தகமாக்கினார்கள். புத்தகத்தில் பிறந்தது மறுபடி புத்தகமாயிற்று. 1998-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் படம் சேர்க்கப்பட்டது.

அதற்குள் வாரிசுகள் வந்துவிட்டார்கள். 1996-இல் ஐமேக்ஸ் பெருந்திரைக்காக எடுத்த ‘காஸ்மிக் வாயேஜ்’ வெனிஸ் நகரச் சதுக்கத்தில் தொடங்குகிறது, மார்கன் ஃப்ரீமன் குரலில். கண்ணை நிறைக்கும் படம்தான். ஆனால் பயணத்தோடு பிரபஞ்சத்தின் பிறப்பு வரலாற்றையும் சேர்த்துச் சொல்லப் போய் அந்த ஒற்றை விதியின் பிடி தளர்ந்துவிட்டது. 2009-இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்ட ‘தி நோன் யூனிவர்ஸ்’ இமயமலையிலிருந்து கிளம்புகிறது. அதில் வரும் விண்மீன்களும் விண்மீன் திரள்களும் உண்மையான அளவீடுகளிலிருந்து கணினியில் வைக்கப்பட்டவை. ஈம்ஸ் காலத்தில் வரைய வேண்டியிருந்த இடங்களில் இப்போது தரவு இருக்கிறது.

இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது 2010-இல் வந்தது. கலிஃபோர்னியாவில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த கேரி ஹுவாங் தன் இரட்டைச் சகோதரன் மைக்கேலின் துணையோடு ‘ஸ்கேல் ஆஃப் தி யூனிவர்ஸ்’ என்ற ஊடாட்டப் படத்தைச் செய்து இணையத்தில் விட்டான். அடியில் ஒரு பட்டை. இழுத்தால் பிரபஞ்சம் விரிகிறது, திருப்பி இழுத்தால் சுருங்குகிறது. ஆசிரியர் தொடங்கிய வேலையை மாணவப் பருவத்துப் பிள்ளை கையில் எடுத்துக்கொண்டான், வேகத்தையும் பார்ப்பவர் விரலிடமே விட்டுவிட்டான். பில்ட்ஹோவன் பட்டறையில் பிள்ளைகளுக்கு உழைப்பாளிகள் என்று பெயர் வைத்தவருக்கு இது பிடித்திருக்கும்.

என் அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு. ‘பவர்ஸ் ஆஃப் டென்’ படத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். ஆங்கில விளக்கம் பாதிக்குமேல் புரியவில்லை, அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. ஓரத்தில் ஏறிக்கொண்டே போகும் எண்ணை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். விண்மீன் திரள்கள் தூசியாகிப் படம் திரும்பத் தொடங்கிய இடத்தில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“இதோட முடிஞ்சிடுச்சா சித்தப்பா? இதுக்கு அப்பால ஒண்ணும் இல்லையா?”

ரெண்டு பேரும் தாளை எடுத்து உட்கார்ந்தோம். படம் வெளியே நிற்கும் இடம் ஒன்றுக்குப் பின்னால் 24 பூஜ்யம் போட்ட மீட்டர், அதாவது சுமார் பத்துக் கோடி ஒளியாண்டு. நம்மால் பார்க்கக்கூடிய பிரபஞ்சத்தின் குறுக்களவு ஏறத்தாழ 9,300 கோடி ஒளியாண்டு என்று இன்று கணக்கிடுகிறார்கள். வகுத்துப் பார்த்தால் 930 மடங்கு. மூன்று பூஜ்யம்கூட முழுதாக வராது. உள்ளே படம் புரோட்டானில் நிற்கிறது. ஜெனீவாவில் உள்ள பெரிய துகள் மோதுவிப்பான் அதைவிட இன்னும் மூன்று பூஜ்யம் ஆழத்தில் துழாவிக்கொண்டிருக்கிறது. ஈம்ஸின் வேகத்தில் இன்று அந்தப் படத்தை நீட்டினால் வெளியே முப்பது வினாடி, உள்ளே முப்பது வினாடி, மொத்தம் ஒரு நிமிடம்தான் கூடும். “அந்த ஒரு நிமிஷத்தை ஏன் யாரும் எடுக்கல?” என்றாள். பிறகு அவளே தாளைத் திருப்பி, கடைசிச் சதுரத்தைச் சுற்றிப் பத்து மடங்கு பெரிதாக ஒரு சதுரம் போட இடம் போதாமல், சுவரிலிருந்த பழைய காலண்டரைக் கழற்றப் போனாள்.